கலைச்சொல் வேண்டும்: அலுமினியம்–செம்பு லேசர் பற்றவைப்பில் விளையும் படலம்

பட்டர்வொர்த்திலிருந்து:
அன்பர்களே, வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேட்டரிப் பொதிகளில் அலுமினியத் தகட்டையும் செம்புத் தகட்டையும் லேசரால் பற்றவைக்கும் பாடத்தில் ஒரு சொல் இன்னும் அமையவில்லை. இரண்டும் உருகிக் கலக்குமிடத்தில் புதிய சேர்மங்கள் படலமாக விளைகின்றன. இண்டர்மெட்டாலிக் என்கிறோமே, அதுதான். சில மைக்ரோமீட்டரோடு நின்றால் பிடிப்பு. தடித்தால் நொறுங்கும், மின்தடையும் ஏறும். ‘உலோகவிடைச் சேர்மம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
புணர்ச்சி சரி, ஐயா. மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்திருக்கிறது. ஆனால் மாணவர்கள் ‘உலோக விடை’ என்று பிரித்து, எந்தக் கேள்விக்கு விடை என்று தேடுவார்கள். ‘ஆசுப்படலம்’ எனலாமே! நேரிசை வெண்பாவில் முதற்குறளின் இறுதியைத் தனிச்சொல்லோடு ஒட்டவைக்கக் கூட்டும் ஓரசையோ ஈரசையோ ஆசு. நகைத்துண்டுகளை ஒட்டத் தட்டார் வைக்கும் பற்றாசைக் காட்டி அதை விளக்குவது மரபு. குற்றத்துக்கும் ஆசு என்றே பெயர். இணைப்பதும் கெடுப்பதும் தானேயான ஒரு படலத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

ஜெலுத்தோங்கிலிருந்து:
அம்மா, சொல் அருமை. ஆனால் பற்றாசு நாம் வெளியிலிருந்து வைப்பது. இது தானாக விளைவது. வைக்க வேண்டிய பொருள் என்று மாணவன் நினைத்துவிட்டால் பாடமே தலைகீழாகும், ஏனென்றால் வேலை முழுக்க இந்தப் படலத்தை அடக்குவதுதான். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், செம்பு 1085-இல். இரண்டும் கலந்தால் 548-லேயே உருகும் கலவை பிறக்கிறது. ஆகவே அலுமினியத்தை மேலே வைத்து, லேசர்க் கற்றை செம்புக்குள் 0.1 மில்லிமீட்டர் அளவே இறங்கும்படி திறனையும் வேகத்தையும் அமைக்கிறோம். ஆழம் கூடினால் செம்பு மேலேறிக் கலக்கும். படலம் தடித்து, ஆறும்போதே வெடிப்பு விழும். தகடுகளுக்கிடையே இடைவெளி மேல்தகட்டுத் தடிமனில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் கீழே பிடிக்கவே பிடிக்காது. தகடுகளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசையை அசிட்டோனால் துடைக்காவிட்டால் இணைப்பெங்கும் வாயுத் துளைகள். செம்பை மேலே வைத்தாலோ, குளிர்ந்த செம்பு அகச்சிவப்பு லேசரில் இருபதில் ஒரு பங்கைத்தான் உள்வாங்கும். மீதி தெறித்துத் திரும்பி, லேசரைக் கொண்டுவரும் ஃபைபர் இழையையே எரிக்கக்கூடும். அதைத் தவிர்க்கத்தான் லேசர்த் தலையைச் சில பாகை சாய்ப்பது. பச்சை, நீல லேசருக்கு உள்வாங்கல் பல மடங்கு. இத்தனையும் ‘ஆசு’ என்ற ஒரு சொல்லில் ஏறாது.

செந்தூலிலிருந்து:
லேசரைச் ‘சீரொளி’ ஆக்கிவிட்டு மற்றதைப் பேசலாமே? ஒரு கையேட்டில் பாதி தமிழ், பாதி கடன் என்று எத்தனை நாள்?

ஜெலுத்தோங்கிலிருந்து:
வேண்டாம் சார். பட்டறைச் சுவரின் எச்சரிக்கைப் பலகையில் மலாயிலும் லேசர்தான். கண்ணைப் பறிக்கும் ஆபத்துக்கு இரண்டு பெயர் வேண்டாம்.

பட்டர்வொர்த்திலிருந்து:
நேரமில்லை. மாணவர்கள் ‘விடை’ என்று குழம்பாதபடி புணர்ச்சியை விலக்கி ‘உலோக இடைச்சேர்மம்’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். லேசர் லேசராகவே இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
விட்டெழுதினால் அது ஒரே சொல் என்பதே தெரியாது. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. அடுத்த பதிப்புக்கு ஆசுப்படலத்தை மறுபடி முன்வைப்பேன்.