சவானாவில் இரண்டு நாள்: படம் எடுக்க இடம் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானாவுக்குப் போறோம். 1733-ல் ஓகில்தார்ப் என்ற ஆங்கிலேயர் நிறுவிய ஊர். பழைய சதுக்கங்களில் 22 இன்னும் இருக்கு. எல்லாத்தையும் பார்க்க ஆசைதான், ஆனா அம்மாவுக்கு முழங்கால் வலி. மர நிழலும் உட்கார பெஞ்சும் உள்ள நாலைந்து சதுக்கங்கள் மட்டும் சொன்னா போதும்.

எனக்கு ரொம்ப ஆசை, ஊருக்குப் பக்கத்துல வோர்ம்ஸ்லோங்கிற பழைய பண்ணைக்குள்ள போற சாலை மேல. ஒன்றரை மைல் நீளத்துக்கு ஓக் மரங்கள், கிளைகள்ல சடை சடையா சாம்பல் நிறப் பாசி தொங்கும். அதுக்கு நடுவுல அம்மா புடவையோட நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேணும். மரங்களுக்குள்ள வெயில் சாய்வா விழுறது எத்தனை மணிக்கு?

ஆத்தோரமா இருக்கிற ரிவர் ஸ்ட்ரீட்ல, கப்பல் சாயாம இருக்க எடைக்காக ஏத்திக்கிட்டு வந்த கற்களைப் பாவியிருக்காங்க, நடந்தா கால் புரளும்னு கேள்விப்பட்டேன். படி இறங்காம ஆத்தங்கரைக்குப் போக வழி இருக்கா? ஆத்து மேல இருக்கிற டால்மட்ஜ் பாலத்துக்குப் பின்னாடி சூரியன் மறையுறதை எங்க நின்னு எடுக்கலாம்? ஃபோர்சித் பூங்கா நீரூற்றுக்குக் காலைல போறது நல்லதா, மாலையா? வயசானவங்களோட போய்வந்தவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.