ஆப்புக்கு ஒரு பேக்எண்ட், வெப்புக்கு ஒரு பேக்எண்ட்: தேவையா?

கோடுவாத்தியார்:
எங்க டீம்ல மூணு நாளா இதே சண்டை. இருக்கிறது ஒரே ஏபிஐ, அதாவது ஆப்பெல்லாம் சர்வர்கிட்ட டேட்டா கேக்கிற வாசல். வெப், கஸ்டமர் ஆப், டெலிவரி ஆப் மூணும் அதைத்தான் கூப்பிடுது. ஆப்ல முகப்புத் திரை வர்றதுக்குள்ள சர்வருக்கு ஏழு தடவை கால் (call) போகுது. ஆர்டர் விவரம் கேட்டா 60 ஃபீல்டைக் கொட்டுது, திரையில காட்டுறது 9. ஆளுக்கொரு பேக்எண்ட், அதான் பிஎஃப்எஃப் (பேக்எண்ட் ஃபார் ஃபிரண்ட்எண்ட்), போட்டுடலாம்ங்கிறேன். தப்பா?

நைட்ஷிப்ட்:
தப்புதான். போன கம்பெனியில பட்டது போதும். மூணு பிஎஃப்எஃப், மூணுலயும் ஜிஎஸ்டி கணக்கு. ஒண்ணு பொருளுக்குப் பொருள் ரவுண்ட் பண்ணும், இன்னொண்ணு மொத்தத்துல பண்ணும். ஆப்ல 418.37, வெப்ல 418.36. அந்த ஒரு பைசாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பினாங்க.

கோடுவாத்தியார்:
அதுக்கு பிஎஃப்எஃப் என்ன பண்ணும்? வரிக்கணக்கு பில்லிங் சர்வீஸ்ல இருக்கணும். இது பரிமாறுற இடம் நண்பா, இங்க எதுக்கு அடுப்பு மூட்டினீங்க?

நைட்ஷிப்ட்:
ஏட்டுச் சுரைக்காய். பில்லிங் டீம் 'அடுத்த ஸ்பிரிண்ட்ல பாக்கலாம்'னு சொன்னா, கைக்கு எட்டின கோடுல ஒரு இஃப் கண்டிஷன் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க.

பழையமரம்:
நெட்ஃபிளிக்ஸ் 2012-ல எல்லாருக்கும் ஒரே ரெஸ்ட் (REST) பாணி ஏபிஐங்கிறதை விட்டுட்டு வந்த கதை தெரியுமில்ல? 800-க்கு மேல சாதன வகைகள். அந்தந்த சாதன டீமே, டேட்டாவைத் தனக்கு ஏத்தபடி மாத்தித் தர்ற அடாப்டரை குரூவிங்கிற மொழியில எழுதி சர்வர்ல ஏத்திக்கிச்சு. பிஎஃப்எஃப்ங்கிற பேரு சவுண்ட்கிளவுட்ங்கிற பாட்டுத் தளத்துல பிறந்தது. அங்கயும் அப்படித்தான், திரையை எழுதறவங்க கையிலதான் அந்த பேக்எண்டும். உங்ககிட்ட யார் எழுதப் போறது?

கோடுவாத்தியார்:
பேக்எண்ட் டீம்தான். நாலு பேர் இருக்கோம்.

நைட்ஷிப்ட்:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா! நாலு பேருக்கு மூணு டிப்ளாய், மூணு லாக், மூணு அலர்ட். பேசாம கிராஃப்க்யூஎல்ங்கிற ஏபிஐ க்வெரி மொழியைப் போடுங்க. வேண்டிய ஒன்பதை ஆப்பே கேட்டு வாங்கிக்கும்.

பழையமரம்:
அதுவும் இனாம் இல்ல. ஆர்டர் லிஸ்டுக்குள்ள பொருள், பொருளுக்குள்ள கடைன்னு ஆப் கேட்டுக்கிட்டே போகும். ரிசால்வரை, அதான் கேட்ட ஃபீல்டுக்கு டேட்டா எடுத்துத் தர்ற கோடை, கவனிக்காம எழுதினா ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு க்வெரி. அப்புறம் வெப் பக்கம் பிஎஃப்எஃப்புக்கு வேற ஒரு லாபம் இருக்கு, யாரும் சொல்லல. லாகின் ஆனதும் கிடைக்கிற அனுமதிச் சீட்டான ஓஆத் டோக்கனை பிரவுசர்கிட்ட கொடுக்கவே வேண்டாம். சர்வர்லயே வச்சுக்கிட்டு, பக்கத்துல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாத எச்டிடிபி-ஒன்லி குக்கி மட்டும் கொடுக்கலாம்.

கோடுவாத்தியார்:
சரி, ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் தனித்தனியா வேணுமா?

பழையமரம்:
ரெண்டுலயும் திரை ஒண்ணுதானே? ஒண்ணே போதும். டெலிவரி ஆப்பைத் தொடாதீங்க. இப்போதைக்கு முகப்புத் திரைக்கு மட்டும் போடுங்க, ஏழு கால் ஒண்ணாகட்டும். அதை ஆப் டீம்ல ஒருத்தர் எழுதட்டும்.

நைட்ஷிப்ட்:
எழுதறவர் நம்பரை ராத்திரி அலர்ட் லிஸ்ட்லயும் சேர்த்துட்டு ஆரம்பிங்க.