புதுப்பிப்பு: மோஷியில் நேரக் குழப்பமும் பெரியவர்களின் பாராமுகமும் தீர்ந்தன

தான்சானியாவின் மோஷி நகரில் தன்னார்வலராகக் கணக்குப் பாடம் நடத்த வந்த நான், சொன்ன நேரத்துக்குப் போனாலும் கூட்டம் முடிந்திருக்கிறது, மூத்த ஆசிரியர்கள் முகம் கொடுப்பதில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ஆறு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. சுவாஹிலியில் மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. 'சா ம்பிலி', அதாவது இரண்டு மணி என்றால் காலை 8. நான்கு மணிக் கூட்டத்துக்கு மாலையில் போய் நின்றேன். அது காலை 10 மணிக்கே நடந்துவிட்டது! உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய ஊரிலிருந்து வந்தவனுக்கு இது உறைக்காமல் போனதே. ஒன்று கவனியுங்கள்: கைக்கடிகாரம் 8 காட்டும், வாய் மட்டும் இரண்டு என்னும். ஆங்கிலத்தில் பேசினால் பெரும்பாலும் வழக்கமான நேரமே.

பாராமுகத்துக்கு மருந்து 'ஷிகமோ'. பெரியவர்களுக்கு அதுதான் வணக்கம். 'மரஹபா' என்று பதில் வரும். நான் எல்லோரிடமும் 'ஜம்போ' என்ற சாதாரண வணக்கத்தையே சொல்லித் திரிந்திருக்கிறேன். மூத்த ஆசிரியர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கும் யோசனை பலிக்கவில்லை.

எதிர்பாராதது, பிள்ளைகள் எனக்கே 'ஷிகமோ' சொல்கிறார்கள். முதல் நாள் திருப்பி 'ஷிகமோ' என்றேன், வகுப்பே சிரித்தது.

உகாலி பற்றிக் கேட்டவருக்கு: சோள மாவுக் களிதான், வலது கையால் உருட்டிச் சாப்பிட வேண்டும். அதில் மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.