அம்மாமாரை இஸ்தோப்பில் உட்கார வைத்துவிட்டோம்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் இலங்கையில் நம் தேயிலைத் தோட்டத்து ஊருக்குப் போய் வந்தேன். கோயில் கணக்கைத் தனியாக எழுதுகிறேன். இது அம்மாவைப் பற்றியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அம்மாவை உங்களுக்குத் தெரியும். காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் மலை, கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு இறங்கி மறுபடி ஏற்றம். ஒரு நாளில் எத்தனை மைல் நடந்தார் என்று அவருக்கே தெரியாது. வேலையிலிருந்து நின்றதும் பிள்ளைகள் நாங்கள் பணம் அனுப்பினோம். "பட்டது போதும், உட்காருங்கம்மா" என்றோம். கடைக்கும் ஆட்டோ, கோயிலுக்கும் ஆட்டோ. பத்து வருஷமாக இஸ்தோப்புதான், அந்த வீட்டு முன் திண்ணைதான், அவருக்கு உலகம். பாசத்தில்தான் செய்தோம்.

இந்த முறை பார்த்தால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். பேச்சு மெதுவாகிவிட்டது. அடுப்பில் தண்ணீர் வைத்ததை மறக்கிறார். கண்டியில் ஸ்கேன் எடுத்தோம். மூளையின் உட்பகுதியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பெரிய ஸ்ட்ரோக் வரவில்லை. முடி போன்ற இரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கில் தடித்து, அங்கங்கே அடைத்துப்போன சேதம் இது என்றார் டாக்டர். பிரஷர்தான் முக்கிய காரணம். அம்மாவோ "நல்லாத்தானே இருக்கேன்" என்று குளிசையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். டாக்டர் அடுத்துக் கேட்டது, "நடப்பாரா?" எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நிறைய வாசித்தேன். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதும் உடலுக்கு வேண்டிய ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி இளமையில் ரப்பர் போல விரிந்து ஒவ்வொரு துடிப்பின் அடியையும் தாங்கிவிடும். வயதாக ஆக அது விறைக்கிறது. அந்த அடி நேரே மூளையின் சிறு குழாய்களில் போய் விழுகிறது. நடக்கும்போது இரத்தம் வேகமாக ஓடிக் குழாயின் உட்சுவரை உரசுகிறது. உடனே அந்தச் சுவர் நைட்ரிக் ஒக்சைட் என்ற பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. தினமும் நடந்தால் பிரஷரும் கொஞ்சம் இறங்கும், சீனியும் கட்டுப்படும்.

ஹவாயில் 71 முதல் 93 வயது வரையான 2,257 ஆண்களைக் கவனித்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. தினம் இரண்டு மைலுக்கு மேல் நடந்தவர்களோடு பார்க்கையில், கால் மைல்கூட நடக்காதவர்களுக்கு மறதி நோய் 1.8 மடங்கு அதிகம். நோய் தொடங்கியவர் நடையைக் குறைப்பதும் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பிவிட முடியாது. ஆனால் 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களில் பாதிப்பேரை வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் வரை நடக்க வைத்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய மூளையில் ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. நடக்காமல் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றப் பாதிப்பேருக்கு அது சுருங்கியிருந்தது.

அம்மாவின் வெள்ளைத் திட்டுகள் இனி மறையப்போவதில்லை. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

இப்போது குளிசை ஒழுங்காகப் போகிறது. வெயில் வந்து பனி விலகியதும் பக்கத்து லயத்துப் பிள்ளையோடு ஸ்டோர் ரோட்டில் நடக்கிறார். பத்து நிமிஷத்தில் தொடங்கி இருபது ஆகியிருக்கிறது. குறுக்குப்பாதை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: வழுக்கும், அட்டை, குளவிப் பயம் வேறு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். வீட்டுக்குப் பேசும்போது "சாப்பிட்டீங்களா" என்பதோடு "இன்னைக்கு நடந்தீங்களா" என்றும் கேளுங்கள். அப்புறம், இந்த முறை பெட்டியில் சொக்லேட்டையும் விட்டமின் போத்தலையும் குறைத்துக்கொண்டு, வழுக்காத சப்பாத்தும் பிரஷர் பார்க்கும் மெஷினும் கொண்டு போவோம். அங்கே வயதானவர்கள் பலரும் ஈர ரோட்டில் ரப்பர் செருப்போடுதான் நடக்கிறார்கள். சித்திரைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கால் அளவைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். அம்மாவின் அளவு ஐந்து.