மறு: கலைச்சொல் – நெடுநடையில் ‘ரீசப்ளை’க்கு என்ன சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

நெடுநடைக் கையேட்டின் உணவுப் பகுதியை எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. காரணம் ரீசப்ளை, அதாவது வழியில் தீர்ந்த உணவை மறுபடி நிறைத்துக்கொள்வது. பக்கத்துக்கு நாலு தடவை வருகிற சொல். அப்படியே விட்டால் கொசு மாதிரி காதைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் நம் கலைச்சொல் குழுவில் கேட்டதற்கு மறுவழங்கல், மீள்வழங்கல், மறுகொள்முதல், சரக்கேற்றம் என்று நாலு சொற்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் நன்றி. ஆனால் இரண்டு மடல்களில் பொருளே கொஞ்சம் தடம் மாறியிருக்கிறது. அதனால் சொல்லுக்கு முன்னால் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

முதுகுப்பையோடு மாதக்கணக்கில் நடப்பவருக்கு உலர்ந்த உணவாகவே ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் வரை வேண்டும். அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதை சுமார் 4,265 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடிப்பவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். நாளைக்கு 800 கிராம் என்று வைத்தால் 150 நாளைக்கு 120 கிலோ. யார் சுமப்பது? அதனால் நாலிலிருந்து ஏழு நாளைக்கான சாப்பாட்டை மட்டும் தூக்கிக்கொள்வது, அது தீரும் நேரத்துக்குப் பாதையை ஒட்டிய ஊரில் இறங்கிப் பையை நிறைத்துக்கொள்வது, மறுபடி ஏறுவது. இந்த இறங்கி நிறைத்து ஏறும் வேலைக்குத்தான் பெயர் வேண்டும்.

> மறுவழங்கல் என்பதே நேரான சொல். படைத்துறையில் முன்னணிக்குப் பொருள் அனுப்புவதற்கும் அதுவே பொருந்தும்.

படைக்குச் சரி. அங்கே பின்னாலிருந்து ஒருவர் வண்டி கட்டிக் கொண்டுவந்து தருகிறார். வழங்கல் என்ற சொல் எப்போதும் கொடுப்பவர் பக்கம் நின்று பேசுகிற சொல். நெடுநடையில் கொடுப்பவர் யாரும் இல்லை. நடப்பவரே வாங்கி, நடப்பவரே பிரித்துக் கட்டி, நடப்பவரே சுமக்கிறார். ‘நேற்று மறுவழங்கினேன்’ என்று ஒருவர் எழுதினால், அவர் தன் சாப்பாட்டை யாருக்கோ தானம் பண்ணிவிட்டதாகத்தான் நான் படிப்பேன். போதாததற்கு, வழங்கல் என்றதுமே ரேஷன் கடை வரிசை கண்ணில் வந்து நிற்கிறது.

மறுகொள்முதல் வேறு விதத்தில் இடறுகிறது. பையை நிறைக்க மூன்று வழி உண்டு. ஊர்க் கடையில் வாங்கலாம். வீட்டிலேயே கட்டி முன்கூட்டி அஞ்சலில் அனுப்பிய பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். நடுவழியில் முன்பே கொண்டுபோய் வைத்ததை எடுக்கலாம். கடைசி இரண்டிலும் அன்றைக்குக் கொள்முதல் எதுவும் நடப்பதில்லை. வாங்கி நாலு மாதம் ஆகியிருக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டெஹிக்கின் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வெளியிலிருந்து அதற்குச் சாலையே கிடையாது. படகில் போகவேண்டும், அல்லது நீர்விமானத்தில், அல்லது நடந்து. அப்படிப்பட்ட இடத்துக்குப் பலரும் பெட்டியைத்தான் அனுப்பிவிடுவார்கள். சரக்கேற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். லாரி ஷெட் வாசனை அடிக்கிறது.

பெட்டி என்றதும் ஒரு சொந்தக் கதை. என் முதல் நெடுநடைக்கு ஆறு பெட்டி கட்டினேன். தரையில் பேப்பர் விரித்து, அட்டை டப்பாக்களை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஜிப் பை: காலைக்கு ஓட்ஸும் பால்பொடியும், நடக்கும்போது கொறிக்கக் கடலையும் உலர் திராட்சையும், ராத்திரிக்கு உடைத்துப் போட்ட பாஸ்தா. மேலே மார்க்கரில் நாள் எண். கடைசியில் மூலையில் இடம் இருக்கிறதே என்று ஒரு சோப்புக் கட்டியையும் செருகினேன். மூன்றாவது பெட்டியைத் திறந்தபோது அது கட்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது, வெயிலில் எங்கெங்கோ கிடந்து வந்திருந்தது. ஜிப் பை மூடித்தான் இருந்தது. ஆனாலும் ஓட்ஸ் மணத்தது, பாஸ்தா மணத்தது, கடலை மணத்தது. ஐந்து நாள் சோப்பைத் தின்றுகொண்டே நடந்தேன். சனிக்கிழமை மதியம் ஊருக்குள் இறங்கி, அஞ்சலகம் திங்கள் காலைதான் திறக்கும் என்று காத்துக் கிடந்து வாங்கிய பெட்டி வேறு. கையேட்டில் ‘சோப்பைத் தனியே அனுப்புக’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

இப்போது என் முன்மொழிவு: இடைநிரப்பு. இடைத்தேர்தல், இடைவேளை என்கிறோமே, அந்த இடை. இரண்டு முனைகளுக்கு நடுவில் நிகழ்வது. நிரப்பு என்பது நடப்பவர் கையால் நடப்பது. கடையா பெட்டியா என்ற கேள்வியே எழாது. ஒட்டிப் பார்த்தேன்: இடைநிரப்பிடம், நிரப்புப் பெட்டி, நிரப்பு நாள். ‘ஆறாம் நாள் இடைநிரப்பு’ என்று திட்டத்தாளில் எழுதினால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிரப்பு + ஊர் = நிரப்பூர் என்றும் வருகிறது. எங்கோ ரயில் நிற்கிற ஊர் மாதிரி இருக்கிறது, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

சுமந்து செல்லும் உணவுக்கே ஒரு சொல் வேண்டும் என்று குழுவில் கேட்டிருந்தார்கள். இதற்குப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை, பழந்தமிழில் கொட்டிக் கிடக்கிறது. பழமொழி நானூற்றில் கற்றவனுக்கு ‘ஆற்றுணா வேண்டுவது இல்’ என்று வரும். ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. நாலடியாரில் தோட்கோப்பு வருகிறது, தோளில் கொண்டுபோகும் சோறு. முதுகுப்பைக்காரர்களுக்கென்றே செய்து வைத்தது போல! நான் தோட்கோப்புக்கு வாக்களிக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. உணவு, தண்ணீர், எரிபொருள் ஆகிய மூன்றும் நடக்க நடக்கத் தீர்வன, எனவே *தீர்பொருள்*. கூடாரம், தூக்கப்பை, உடை, பாத்திரம் எல்லாம் முதல் நாளும் கடைசி நாளும் அதே எடை. பேஸ் வெயிட் என்பது இந்தக் கனம்தான். தீர்பொருளுக்கு எதிராகத் *தீராச்சுமை* என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். அளவாக *நிலைச்சுமை* என்று வைத்துக்கொள்ளலாம். கலோரி அடர்த்தி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, தொட வேண்டாம். 100 கிராம் எண்ணெயில் 900 கலோரிக்குச் சற்றுக் குறைவு, நிலக்கடலை, பாதாம் போன்றவற்றில் 600-ஐ ஒட்டி, பாஸ்தாவிலும் அரிசியிலும் 350-ஐ ஒட்டி, ஆப்பிளில் 50 சொச்சம் என்று அட்டவணை போட்டால் சொல்லே தன்னை விளக்கிக்கொள்ளும்.

அன்புடன்

---

தம்பிக்கு,

மடல் கண்டேன். வழங்கல் பற்றிச் சொன்னது நியாயம், என் மறுவழங்கலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் தோண்டப் போன இடத்தில் பூதம் இருக்கிறது.

> இப்போது என் முன்மொழிவு: இடைநிரப்பு.

பழந்தமிழில் நிரப்பு என்றால் வறுமை. குறளில் நல்குரவு அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள்: ‘இன்றும் வருவது கொல்லோ நெருநலும் கொன்றது போலும் நிரப்பு’ (1048). நேற்று என்னைக் கொன்றது போல் வாட்டிய வறுமை இன்றைக்கும் வருமோ என்று ஒருவன் புலம்புகிறான். அடுத்த குறளிலும் அதே நிரப்புதான். நெருப்புக்குள்கூடத் தூங்கிவிடலாம், அதற்குள் தூங்க முடியாது என்று. நீங்கள் சாப்பாடு நிறைகிற நாளுக்கு வறுமை என்று பெயர் வைக்கிறீர்கள்.

தோட்கோப்பும் எனக்கு உறுத்துகிறது. சொல் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் இன்று கோப்பு என்றால் அலுவலகக் கட்டும் கணினிக் கோப்பும்தான். நம் குழுவே கோப்பு, கோப்புறை என்று இருபது வருடமாக எழுதிப் பழக்கிவிட்டு, இப்போது அதையே சோறு என்றால் எப்படி? ஆற்றுணாவைப் படிப்பவர் ஆற்று மீன் என்று நினைப்பார். வழிச்செலவு என்று சொல்கிறோம் அல்லவா? அந்த மாதிரி *வழியுணவு* என்று வையுங்கள். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

இன்னொன்று. கொடுப்பவரே இல்லை என்று அடித்துச் சொன்னீர்கள். சில பாதைகளில் பணம் வாங்கிக்கொண்டு நடுவழியில் உணவைக் கொண்டுவந்து சேர்ப்பவர்களும் உண்டு என்று படித்திருக்கிறேன். அதை எந்தச் சொல்லில் அடக்குவீர்கள்?

---

ஐயா,

குறளை நான் மறந்தே போனேன். மாட்டிக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஏழு நாள் நடையில் ஆறாம் நாள் மாலை பையின் அடியில் கைவிட்டுத் துழாவும்போது அந்தக் குறளை அப்படியே சொல்லலாம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையின் வடகோடியில், மெய்ன் மாநிலத்தில், நூறு மைல் கானகம் என்று ஒரு துண்டு இருக்கிறது. அதன் நுழைவாயிலில், குறைந்தது 10 நாளைக்கான பொருள் இல்லாமல் உள்ளே போகாதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள். 10 நாள் என்றால் உணவு மட்டும் எட்டு கிலோ. அதை வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கிலோவைக் குறைத்துக்கொண்டு கிளம்புபவருக்கு எட்டாம் நாள் வருவது சாட்சாத் நிரப்புதான்.

சரி, விளையாட்டு போதும். பெயர்ச்சொல்லாக நிரப்பு என்று நிறுத்துவதுதான் சிக்கல். வினையில் சிக்கல் இல்லை. நிரப்பினேன், நிரப்பிக்கொண்டேன் என்றால் யாரும் வறுமையை நினைப்பதில்லை. எனவே தொழிற்பெயராக இடைநிரப்பல் என்று மாற்றிக்கொள்கிறேன். கூட்டுச்சொல்லில் நிரப்பல் பெட்டி, நிரப்பல் நாள் என்று வரும். நிரப்பூரை இழக்க மனமில்லை, ஆனால் வறுமையூரில் போய் யார் சாப்பாடு வாங்குவார்கள்? போகட்டும்.

வழியுணவை ஏற்கிறேன். தோட்கோப்பைக் கையேட்டின் அடிக்குறிப்பிலாவது வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். அன்றன்றைக்குக் கட்டிய ஜிப் பைக்கு நாட்பொதி என்று வைத்திருக்கிறேன். பொதிசோறு இருக்கிற மொழியில் அது அந்நியமாக நிற்காது.

நடுவழியில் கொண்டுவந்து வைப்பது நல்ல கேள்வி. நாமே முன்பு வைத்தாலும், வேறொருவர் வைத்தாலும், வைக்கப்பட்ட பொருளை *வழிவைப்பு* என்று சொல்லலாம் என நினைக்கிறேன். புதையல் என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். புதைத்தால் விலங்குகள் தோண்டிவிடும், அதோடு பல காட்டுப்பகுதிகளில் எதையும் விட்டுவைக்கவே கூடாது. சொல்லே தப்பான யோசனை கொடுத்துவிடக் கூடாது அல்லவா? இடைநிரப்பல் என்பது அங்கே போய் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் செயல். வைத்தவர் யார் என்பது வேறு கணக்கு.

மிச்சம் இருப்பது பவுன்ஸ் பாக்ஸ். சார்ஜர், கத்தரிக்கோல், மாற்று ஷூ நாடா, பாதி தீர்ந்த பால்பொடி என்று அவ்வப்போது மட்டும் தேவைப்படுவதை ஒரு பெட்டியில் போட்டு, ஒவ்வொரு ஊரிலும் திறந்து எடுத்துக்கொண்டு, மறுபடி அடுத்த ஊருக்கு அனுப்புவார்களே, அது. நமக்கு முன்னால் தத்தித் தத்திப் போகிறது என்று தத்துப்பெட்டி என எழுதினேன். வீட்டில் படித்தவர், யாரைத் தத்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். தாவுபெட்டி என்று மாற்றியிருக்கிறேன். எரிவாயுக் குப்பியை மட்டும் அதில் நினைத்தபடி போட்டு அனுப்ப முடியாது, அஞ்சல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் எரிபொருளுக்குத் தனி இடைநிரப்பல் திட்டம் வேண்டும் என்று ஒரு பத்தி சேர்க்கிறேன்.

திருத்திய பகுதியை இன்றிரவு அனுப்புகிறேன். நிலைச்சுமைக்குப் பக்கத்தில் தீராச்சுமை என்று அடைப்புக்குறிக்குள் ஓரிடத்தில் விட்டிருக்கிறேன். கண்ணில் பட்டால் அடித்துவிடாதீர்கள் ஐயா.

அன்புடன்