தெற்கு மாசி வீதிப் பெருமாள் கோயிலில் பேசுவது என்ன பாஷை?

கேள்வி:
வணக்கம். சொந்த ஊர் தேனி. மதுரைக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதமாகத் திருமலை நாயக்கர் மகால் பக்கம் குடியிருக்கிறேன். சனிக்கிழமை பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். முன்னால் நின்ற இரண்டு பாட்டிகள் மூச்சுக்கு மூச்சு 'காய்' 'காய்' என்றார்கள். காய்கறி விலை போல என்று காது கொடுத்தால், மீதிப் பேச்சு பாதி தெலுங்கு, பாதி இந்தி மாதிரி இருக்கிறது. என்ன பாஷை அது? வெளியாட்கள் போகலாம்தானே?

பதில் 1:
சௌராஷ்டிரம். கோயிலும் அவர்கள் சமூகத்துடையதுதான். யாரும் போகலாம், நான் பல வருஷமாகப் போகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும் விடியுமுன்பே போய்விடுங்கள்.

பதில் 2:
படித்துவிட்டுச் சிரித்தேன் தம்பி. எங்கள் பாஷையில் 'காய்' என்றால் 'என்ன'.

குஜராத்திலிருந்து கிளம்பி, மராட்டிய தேசத்துத் தேவகிரி, தெலுங்கு பேசிய விஜயநகரம் என்று தங்கித் தங்கி வந்தவர்கள் நாங்கள். அதனால்தான் மராத்தியும் தெலுங்கும் ஒட்டிக்கொண்டன. பட்டு நெய்யத் திருமலை நாயக்கர் அழைத்து மகாலைச் சுற்றிக் குடிவைத்தார் என்பார்கள். ராஜா கூப்பிட்டாரோ, பிழைப்பு கூப்பிட்டதோ!

அப்பா குழித்தறியில் உட்கார, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஊடைநூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பேன். பாவு நூல் அறுந்தால் அவர் வாயில் வரும் வசவு முழுக்கச் சௌராஷ்டிரம். தறியில் நூலோடு நாடா குறுக்கே ஓடும்போது முணுமுணுப்பது நடனகோபால நாயகி சுவாமிகள் பாட்டு. சுவாமிகள் 1843-இல் மதுரையில் பிறந்தவர், தன்னைக் கண்ணனின் நாயகியாகவே நினைத்துப் பாடியவர். சௌராஷ்டிரம், தமிழ் இரண்டிலும் பாட்டு உண்டு. 1914-இல் வைகுண்ட ஏகாதசியன்று சித்தியானார். அழகர்கோயில் சாலைப் பக்கம் காதக்கிணற்றில் அவர் பிருந்தாவனம், அதாவது சமாதி, இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். தறியை விற்று நாளாகிவிட்டது. என் பேரன் தமிழில்தான் பேசுகிறான். பஜனைப் பாட்டு மட்டும் அவன் வாயில் சௌராஷ்டிரமாக வருகிறது, அதுவும் அர்த்தம் தெரியாமல்.

பதில் 3:
பரமக்குடிக்கும் போய்ப் பாருங்கள். அங்கே சௌராஷ்டிர மக்களின் சுந்தரராசப் பெருமாள் சித்திரையில் கள்ளழகர் கோலத்தில் வைகையில் இறங்குவார். மதுரைக் கூட்டத்தில் நசுங்குவதற்கு அது எவ்வளவோ தேவலை.

கேட்டவர்:
நன்றி ஐயா. அடுத்த வாரம் பாட்டி என்னிடமே 'காய்' என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில் 2:
தமிழிலேயே சொல்லுங்கள். உங்களைவிட நல்ல மதுரைத் தமிழ் அவருக்கு வரும்.