கலிஃபோர்னியாவின் 13ஆம் முன்மொழிவு: சட்டத்தை மக்களே எழுதலாமா?

மாறன்:
அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மக்களே சட்டம் எழுதும் முறை, சட்டமன்றம் ரயில்வே நிறுவனத்தின் பிடியில் இருந்த காலத்தில், 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் முன்னின்று கொண்டுவந்தது. போதிய வாக்காளர்களின் கையொப்பம் திரண்டால், ஒரு சட்டத்தை 'முன்மொழிவு' என்ற பெயரில் நேரே வாக்குச்சீட்டில் ஏற்றலாம். 1970களில் வீட்டு விலையோடு சொத்து வரியும் ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் வீட்டை விற்க நேருமோ என்று அஞ்சியபோது, சட்டமன்றம் பேசிப் பேசியே காலம் கடத்தியது. 1978 ஜூனில் ஏறத்தாழ 65 விழுக்காட்டு ஆதரவுடன் சொத்து வரிக்கு வரம்பு கட்டும் 13ஆம் முன்மொழிவை மக்களே நிறைவேற்றிக்கொண்டார்கள். இதில் என்ன குறை?

தேன்மொழி:
குறை அதன் வாசகத்திலேயே இருக்கிறது. வரி, சொத்து மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த மதிப்பும் சொத்து கைமாறும்வரை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. இதனால் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரியான இரு வீடுகளில், 1975இல் வாங்கியவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு வரியை அண்மையில் குடிவந்த இளம் குடும்பம் கட்டுகிறது. முதியவர்களைக் காட்டிக் கேட்ட சலுகை, நெடுங்காலமாக விற்கப்படாத வணிகக் கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சட்டமன்றத்தில் வரும் மசோதா என்றால் குழுவில் ஒருவராவது வீடுகளையும் வணிகக் கட்டடங்களையும் பிரிக்கச் சொல்லித் திருத்தம் கொடுத்திருப்பார். வாக்குச்சீட்டில் அதற்கு ஏது இடம்?

மாறன்:
தாங்கள் கேட்கும் பிரிப்பு அதே வாக்குச்சீட்டில் இருந்தது. சொந்த வீடுகளுக்குத் தனி வரி விகிதம் வைக்க இடமளித்து, சட்டமன்றமே முன்வைத்த 8ஆம் முன்மொழிவை மக்கள் அன்றே தோற்கடித்தார்கள். பெரிய வணிகச் சொத்துகளை மட்டும் சந்தை மதிப்புக்குக் கொண்டுவர முயன்ற 15ஆம் முன்மொழிவும் 2020இல் தோற்றது. கிடைத்த விடை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக முறையைப் பழிப்பது சரியா? தொகுதி எல்லை வரையும் அதிகாரத்தைக் குடிமக்கள் ஆணையத்திடம் ஒப்படைத்த 2008ஆம் ஆண்டின் 11ஆம் முன்மொழிவை எந்தச் சட்டமன்றம் தானாக முன்வந்து இயற்றியிருக்கும்?

தேன்மொழி:
ஆணையம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் செயலி வழி வாடகைக் கார் ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்தச் சொன்ன 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தப்ப, ஊபர், லிஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2020இல் 22ஆம் முன்மொழிவை வென்றன. சட்டமன்றம் அதைத் திருத்த எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்ற பூட்டும் அதற்குள்ளேயே இருந்தது. கையொப்பம் திரட்டக் கூலி கொடுப்பதையாவது தடுக்கலாம் என்றால், அத்தகைய தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

மாறன்:
பணம் கொட்டியவர்கள் எல்லாரும் வென்றுவிடவில்லை. உள்ளாட்சிகள் சொந்தமாக மின் விநியோகம் தொடங்க மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்ற 2010ஆம் ஆண்டின் 16ஆம் முன்மொழிவுக்காக, பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் சுமார் 4.6 கோடி டாலர் செலவிட்டது. எதிர்த்தவர்களிடம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் முன்மொழிவு தோற்றது.